கோயில் வளாகத்தில் ஓர் ஊர்ப் பள்ளி

தென்காசி வட்டாரத்தில் ஒரு பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் நிர்வாகத்தின் பெயரோடுதான் வரும். யூனியன் (ஊராட்சி ஒன்றியப்) பள்ளி, டி.டி.டி.ஏ. (சி.எஸ்.ஐ. திருச்சபைப்) பள்ளி, இந்து தொடக்கப் பள்ளி, ஆர்.சி. பள்ளி என்று ஊருக்கு ஊர் வழக்கம். இவற்றுள் ஆர்.சி. பள்ளி என்பது கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவது. பெரும்பாலும் அரசு உதவி பெறுவது. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள் இருந்தால் தொடக்கப் பள்ளி. எட்டு வரை இருந்தால் நடுநிலைப் பள்ளி. மாதாகோயில் வளாகத்திலோ அதை ஒட்டியோ இருக்கும் இந்தப் பள்ளி, பாடம் சொல்லும் இடமாக மட்டுமன்றி அந்த ஊரின் பொது வாழ்வுக்கும் ஒரு மையமாக இருந்து வருகிறது.

வந்த வழி

பாண்டி நாட்டின் இந்தப் பகுதி இயேசு சபையாரின் பழைய மதுரை மிஷனின் களம். வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி இன்றைய பாளையங்கோட்டை மறைமாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. எகரத்திலிருந்து ஏகாரத்தையும், ஒகரத்திலிருந்து ஓகாரத்தையும் வடிவத்திலேயே பிரித்துக் காட்டிய எழுத்துச் சீர்திருத்தம் அவருடையது. முதல் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதிப் பழகும் ஏ, ஓ இரண்டும் அந்த வழியில் வந்தவை.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் தளர்ந்துபோன மிஷன், 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையார் வந்ததும் மீண்டும் உயிர்பெற்றது. 1854ஆம் ஆண்டின் ‘உட்’ (Wood) கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறைக்கு வழிவகுத்தது. மிஷன் பள்ளிகள் கிராமங்களுக்குப் பரவ அது பெரிதும் உதவியது. தென்காசிப் பகுதியின் கத்தோலிக்கர்கள் முதலில் திருச்சி மறைமாவட்டத்திலும், 1938 முதல் மதுரையிலும், 1973 முதல் பாளையங்கோட்டை மறைமாவட்டத்திலும் அடங்கினர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோதும் மறைமாவட்டத் தலைமை பாளையங்கோட்டையிலேயே தொடர்ந்தது.

யார் நடத்துகிறார்கள்?

இடமும் கட்டடமும் திருச்சபையுடையவை. பள்ளியின் தாளாளர் பெரும்பாலும் அந்தப் பங்கின் பங்குத்தந்தையே. கன்னியர் மடம் நடத்தும் பள்ளியில் அருட்சகோதரி ஒருவர். அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்கு அளிக்கும் உரிமையின்படி, ஆசிரியரை நிர்வாகம் நியமிக்கும். கல்வித் துறை அந்த நியமனத்துக்கு ஒப்புதல் கொடுக்கும். சம்பளத்தை அரசு வழங்கும். பாடநூல் முதல் மதிய உணவு வரை அரசின் இலவசங்கள் இந்தப் பிள்ளைகளுக்கும் உண்டு. பள்ளியைப் பார்வையிட வட்டாரக் கல்வி அலுவலரும் வருவார்.

கத்தோலிக்கப் பள்ளி என்றாலும் வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் கலந்தே உட்கார்ந்திருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி கற்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதமின்றி எந்தக் குழந்தையும் சமய போதனையில் கலந்துகொள்ள வேண்டியதில்லை என்று 28ஆவது பிரிவு சொல்கிறது.

காலை உணவு வந்தது

அண்மைக் காலத்தில் இந்தப் பள்ளிகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய செய்தி காலை உணவுதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே கிடைத்தது. ஒரே தெருவில் யூனியன் பள்ளிப் பிள்ளை சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போக, ஆர்.சி. பள்ளிப் பிள்ளைக்கு அது இல்லாத நிலை. 2024 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்தநாளில், ஊரகப் பகுதியின் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. அதைத் தொடங்கி வைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் பள்ளி. 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புறத்தின் உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோதும் விழா மயிலாப்பூரின் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் நடந்தது.

கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். தம் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கும் தாய்மாருக்கே இந்தப் பொறுப்பு என்பது திட்டத்தின் ஏற்பாடு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாகக் காய்கறிச் சாம்பாரோடு தட்டில் விழுகிறது. தாயின் கண் முன்னே வேகும் உணவு என்பதால் சுவையிலும் சுத்தத்திலும் கவனம் தானாகவே வந்துவிடுகிறது.

பீடித் தட்டும் பள்ளிக்கூடமும்

காலை உணவின் அருமை இங்கே பல வீடுகளுக்குப் புரியக் காரணம் உண்டு. தென்காசி, கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பகுதிகளில் பெண்கள் பலரின் வருமானம் பீடி சுற்றுவதில் இருக்கிறது. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, கட்டுக் கட்டாகக் கடையில் ஒப்படைத்தால்தான் அன்றைய கூலி. இதற்கு நடுவே பிள்ளைக்குக் காலை ஆகாரம் செய்வது பெரும்பாடு. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே மத்தியத் தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை தருகிறது. அதற்கு விண்ணப்பிக்க வங்கிக் கணக்கு, ஆதார், அட்டை நகல் என்று பெற்றோரை அழைத்துச் சொல்லி முடித்துக் கொடுப்பதில் ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஓராண்டின் செய்திகள்

ஜூனில் பள்ளி திறக்கும்போது குற்றாலத்தில் சாரல் பிடித்திருக்கும். சீசன் கடை போடும் குடும்பங்களுக்கு அது வேலைக்காலம்; முதல் வாரங்களில் பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்களா என்று ஆசிரியர்கள் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். செப்டம்பரில் தென்காசி தூய மிக்கேல் அதிதூதர் ஆலயத்தில் கொடியேறி, 29ஆம் தேதி அதிதூதர் திருநாள் வரும். அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. அருவிகளில் வெள்ளம் பாயும் நாட்களில் ஆட்சியர் விடுமுறை அறிவித்தாரா என்பதே எல்லோருக்கும் முதல் செய்தி. டிசம்பரில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார்கள். கோடையில் ஆண்டு விழாவும், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) தயாரிப்பும்.

இந்தச் செய்திகள் ஊரில் பரவுவதற்குத் தனி வழியும் உண்டு. ஞாயிறு திருப்பலி முடிவில் பங்குத்தந்தை வாசிக்கும் அறிவிப்பில் பள்ளிச் சேர்க்கையும் பெற்றோர் கூட்டமும் இடம்பெறும். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் அது வீட்டுக்கு வீடு பேசப்படும். வகுப்பு வாட்ஸ்அப் குழு இப்போது இதே வேலையைச் செய்கிறது.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக் கணக்கு

இப்பள்ளிகளின் கவலை ஒன்றே ஒன்று: மாணவர் எண்ணிக்கை. வீடுகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இருப்பவர்களையும் வேனில் வந்து ஏற்றிச் செல்கின்றன மெட்ரிக் பள்ளிகள். ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விகிதம். அறுபதுக்குள் இறங்கினால் ஐந்து வகுப்புகளையும் இருவர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளியாகிவிடும். அதனால் ஆசிரியர்கள் மே மாத வெயிலிலேயே துண்டறிக்கையோடு தெருத் தெருவாகப் போகிறார்கள்.

கட்டணமின்றித் தாய்மொழியில் எழுத்தறிவிக்கும் பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருப்பது, கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்குப் பெரிய பாதுகாப்பு. அது நிலைக்க வேண்டுமானால் அரசு பணியிடத்தை நிரப்ப வேண்டும், நிர்வாகம் கட்டடத்தையும் கழிப்பறையையும் நன்றாக வைத்திருக்க வேண்டும், ஊர் தன் பிள்ளைகளை அனுப்ப வேண்டும்.