போனில் வந்து விழும் பொய் அறிவித்தல்கள்

"உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, உடனே இதை அமத்துங்கள்", "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்றெல்லாம் போன் திரையில் தானாக வந்து விழுவதாகத் தோட்டங்களில் பலர் நம்மிடம் சொல்லுகிறார்கள். போன் பழுதாகிவிட்டது என்று டவுனுக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்தவர்களும் உண்டு. பெரும்பாலும் போனில் பழுது ஒன்றும் இல்லீங்க.

நடப்பது இதுதான். பரீட்சைப் பெறுபேறு தேடியோ, படம் பார்க்கவோ பிள்ளைகள் ஏதாவதொரு இணையத்தளத்துக்குப் போகிறார்கள். அறிவிப்புகள் அனுப்பலாமா என்று குரோம் ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும். அவசரத்தில் 'அனுமதி' என்பதை அமத்திவிட்டால், தளத்தை மூடின பிறகும் அதிலிருந்து விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். "நீங்கள் ரோபோ இல்லையென்றால் அனுமதியை அமத்துங்கள்" என்று தந்திரம் பண்ணுகிற தளங்களும் இருக்கின்றன. உண்மையான சோதனைக்கு அந்த அனுமதி தேவையே இல்லை. ஒரு இணையத்தளத்தால் உங்கள் போனுக்குள் புகுந்து வைரஸ் தேடிப் பார்க்கவும் முடியாது.

இதை நிறுத்த, குரோமைத் திறந்து மேலே வலது பக்கம் இருக்கிற மூன்று புள்ளியைத் தொடுங்கள். அதில் கீழே 'அமைப்புகள்', ஆங்கிலத்தில் செட்டிங்ஸ். அதற்குள் 'தள அமைப்புகள்', அதாவது சைட் செட்டிங்ஸ். பிறகு 'அறிவிப்புகள்', நோட்டிபிகேஷன்ஸ். நீங்கள் அனுமதி கொடுத்த தளங்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கும். தெரியாத பெயரைத் தொட்டு அனுமதியை நிறுத்திவிடுங்கள். மேலே இருக்கிற பொத்தானையே அணைத்துவிட்டால் இனி எந்தத் தளமும் கேட்காது. நம் ஆட்களுக்கு அதுவே நல்லது என்பது நமது எண்ணம். போனுக்குப் போன் சொற்கள் கொஞ்சம் மாறும், வழி ஏறக்குறைய இதுதான்.

இதற்காகப் போனை முழுதாக அழிக்க விடாதீர்கள். வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்காத படங்களும் நம்பர்களும் அதோடு போய்விடும்.

அந்த அறிவித்தலை அமத்தினால்தான் ஆபத்து. வங்கி அட்டை நம்பர், போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கம் என்று கேட்கிற பக்கத்துக்கு அது கொண்டுபோய் விடலாம். ஒன்றையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், வேலைக்குப் போக முன்னமே வங்கிக்குப் போன் எடுத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் அநேகமாக வங்கியின் நம்பர் இருக்கும்.

எழுத்துச் சிறிதாக இருக்கிறது என்று சொல்லும் அம்மாமார், அதே 'அமைப்புகள்' பக்கத்தில் 'அணுகல்தன்மை' என்பதைத் தொட்டால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.