பெயர் எழுதாத பக்கம்



இலக்கியத் தொடரிலே இசைத்தட்டுகளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், நல்ல நூலொன்று வாசகர் கண்ணில் படாமலே போய்விடுவதையும், எழுதியவன் பெயர் தொலைந்து எழுத்து மட்டும் எஞ்சிவிடுவதையும் இலக்கியத்திலே நாம் நிறையக் கண்டிருக்கிறோம். பாட்டுக்கும் அதே விதிதான். இவ்வாரம் அதனை ஓர் ஆண்டை வைத்துப் பார்ப்போம். அந்த ஆண்டு 1986.

புளியந்தீவிலே வாவிக்கரையோரம் ஒரு வீட்டுத் திண்ணையில், போயா விடுமுறை நாட்களில் நண்பர்கள் ஐவர் கூடுவது வழக்கம். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒருவர் படுவான்கரையில் வயல் செய்பவர், ஒருவர் நாவலடியில் இருந்தவர், ஒருவர் வங்கியிலே வேலை பார்த்தவர், ஐந்தாவது நான். பேச்சு எங்கே தொடங்கினாலும் பாட்டிலேதான் முடியும். அண்மையில் ஒரு போயா தினத்துக்கு ஆசிரியர் ஒரு நிபந்தனை விதித்தார். ‘ஆளுக்கொரு படத்தின் பாடல்கள். 1986 இல் வந்ததாக இருக்க வேண்டும். ஊரெல்லாம் பாடியதாக இருக்கக் கூடாது. ஏன் அது கவனிக்கப்படாமல் போயிற்று என்றும் சொல்ல வேண்டும்.’

ஏன் 1986? அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்தாலே காரணம் விளங்கும். மணிரத்தினத்தின் ‘மௌன ராகம்’, பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’, பாரதிராஜாவின் ‘கடலோரக் கவிதைகள்’ ஆகிய மூன்றும் அவ்வாண்டின் படங்கள். மூன்றுக்கும் இசை இளையராஜா. எம்.எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் இணைந்து இசையமைத்த ‘மெல்லத் திறந்தது கதவு’ வந்ததும் அப்போதுதான். திரைப்படக் கல்லூரி மாணவர்களின் ‘ஊமை விழிகள்’ மனோஜ் கியான் என்ற பெயரை நமக்கு அறிமுகப்படுத்தியது. 1980 இல் ‘நிழல்கள்’ படத்தில் தொடங்கிய இளையராஜா – வைரமுத்து கூட்டு, ‘புன்னகை மன்னன்’ படத்தோடு முடிவுக்கு வந்ததும் இதே ஆண்டில்தான். இத்தனை பெரிய மரங்கள் ஒருசேர நிற்கும் தோப்பிலே, அடியில் முளைத்த செடிகள் கண்ணுக்குத் தெரியாமற் போனதில் வியப்பில்லை.

முதலில் வங்கி நண்பர் பேசினார். அவர் கொண்டுவந்தது ‘உனக்காகவே வாழ்கிறேன்’. கே. ரங்கராஜ் இயக்கிய படம். சிவகுமாரும் நதியாவும் நடித்தது. படத்தை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. ஆனால், எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் எஸ். ஜானகியும் அதில் பாடியிருப்பதைக் கேட்டால், குரல்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடப்பது போலிருக்கும். 2020 செப்டெம்பரில் பாலசுப்பிரமணியம் மறைந்த அன்று வானொலிகளெல்லாம் அவருடைய புகழ்பெற்ற பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. ‘நான் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்’ என்றார் நண்பர்.

ஆசிரியர் கொண்டுவந்தது ‘நீதானா அந்தக் குயில்’. இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. கே.எஸ். சித்ராவை இளையராஜா தமிழுக்கு அழைத்துவந்தது இந்தப் படத்துக்காகவே. ஆனால் படம் திரைக்கு வரத் தாமதமாகிவிட, 1985 இல் ‘பூவே பூச்சூடவா’ முந்திக்கொண்டது. சின்னக்குயில் என்ற பட்டமும் அதனாலேயே அவருக்கு வந்து சேர்ந்தது. முதலில் பாடிய பாட்டு பிறகு வந்ததால், முதற்பாட்டு என்ற பெருமை பலர் நினைவில் இடம் மாறிவிட்டது. ‘மூத்த பிள்ளை பின்னால் வந்து நிற்கிறது’ என்றார் ஆசிரியர்.

நாவலடி நண்பரின் தெரிவு ‘அறுவடை நாள்’. ஜி.எம். குமார் இயக்கியது, பிரபுவும் பல்லவியும் நடித்தது. அதிலே சித்ரா பாடிய மெதுவான பாடலொன்று உண்டு. தேவாலய மணியோசையோடு வளர்ந்த புளியந்தீவாருக்கு அது தனியாகச் செவியில் விழும். நண்பரிடம் அந்தக் கசெற் இப்போது இல்லை. 2004 டிசெம்பர் 26 அன்று கடல் நாவலடிக்குள் புகுந்தபோது வீட்டோடு போயிற்று. அன்று அவர் இழந்தவற்றின் பட்டியலிலே கசெற்றைச் சேர்க்க அவருக்கே கூச்சம். ‘பாட்டைப் பற்றிக் கதைக்கச் சொன்னியள், கதைக்கிறன்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் சொன்னது ‘நானும் ஒரு தொழிலாளி’. ஸ்ரீதர் இயக்கம், கமல்ஹாசன் நடிப்பு, இளையராஜா இசை. இந்த மூன்று பெயர்களும் சேர்ந்தும் படம் நிலைக்கவில்லை. படம் விழுந்தால் பாட்டும் விழும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கேதான், நேயர்களே, நாம் ஒரு விடயத்தை மனங்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டிலே திரைப்பாடல் பெரும்பாலும் படத்தின் வண்டியில் ஏறித்தான் ஊர்சுற்றியது. படம் நூறு நாள் ஓடினால் பாட்டும் ஓடும். இரண்டே வாரத்தில் பெட்டி திரும்பினால் பாட்டும் திரும்பிவிடும். நமது நாட்டிலே நிலைமை சற்று வேறு. இந்தியாவில் 1952 இல் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கிவைத்தபோது, எல்லை தாண்டியும் நேயர்கள் திருப்பியது இலங்கை வானொலியைத்தான். அன்று தொடங்கிய பழக்கம், 1967 இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆன பின்னரும் தொடர்ந்தது. படம் இங்கே திரையிடப்படுமோ இல்லையோ, இசைத்தட்டு வந்துவிடும், வந்தால் ஒலிபரப்பாகும். எனவே, நடிகரின் முகத்தைக் காணாமலே, கதையை அறியாமலே பாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அங்கே மறக்கப்பட்ட சில பாடல்கள் இங்கே வீட்டுப் பாடல்களாக இருப்பதன் இரகசியம் இதுவே எனலாம்.

வானொலி செய்த இன்னொரு நன்மையும் உண்டு. பாட்டுக்கு முன்னோ பின்னோ, படம் இன்னது, பாடியவர் இன்னார், இசை இன்னார் என்று அறிவிப்பாளர் சொல்லுவார். அந்த ஒற்றை வரி அறிவிப்புத்தான் எங்கள் தலைமுறைக்கு இசைக் கல்வி. பெயர் சொல்லாமல் பாட்டை மட்டும் ஓடவிட்டிருந்தால், வாலி யார், மு. மேத்தா யார் என்று எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இனி ஐந்தாமவர். படுவான்கரை நண்பர் ஒரு பிஸ்கற் தகரத்தைத் திறந்து, உறையில்லாத கசெற் ஒன்றை எடுத்தார். உறைக் கடதாசியைக் கறையான் தின்றுவிட்டது. 1990 இல் ஊர் பெயர்ந்து போனபோது கூரை வளையோடு வைத்துக் கட்டிவிட்டுப் போனதாம். திரும்பி வந்தபோது கூரை பாதிதான் இருந்தது, தகரம் இருந்தது. அவருடைய பழைய பெட்டியில் நான்கு பற்றரி போட்டு ஓடவிட்டோம். முதல் நான்கு பாடல்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அடுத்து வந்தது தெரியவில்லை.

‘இளையராஜாதான்’ என்றார் வங்கி நண்பர். ‘எண்பத்தாறில் வேறு ஆர்?’

‘இல்லை மச்சான்’ என்றார் ஆசிரியர். ‘வயலினை ஒருக்காக் கேள்.’

மீண்டும் ஓடவிட்டோம். பேனாவைச் சொருகிச் சுற்றி, மீண்டும் ஒருமுறை. ஈற்றில் ஆசிரியருக்கு நினைவு வந்தது. பழைய ஒலிபரப்பு ஒன்றில் அறிவிப்பாளரின் குரல் சொன்ன படப்பெயர்: ‘ஆயிரம் பூக்கள் மலரட்டும்’. கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தோம். அதே படம், அதே 1986. இயக்கியவர் இ. ராமதாஸ். இசை, வி.எஸ். நரசிம்மன்.

அந்தக் கசெற்றிலே அந்தப் பாட்டு எப்படி ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்நாளில் நகரத்து ரெக்கோடிங் பாருக்குப் போய், விரும்பிய படத்தின் பெயரைச் சொல்லி வெறும் கசெற்றைக் கொடுப்போம். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார். 60 நிமிடக் கசெற்றின் ஒரு பக்கம் 30 நிமிடம். ஐந்து பாடல் கொண்ட படம் 22, 23 நிமிடத்திலே முடிந்துவிடும். எஞ்சும் இடத்தை வெறுமையாக விட்டால் வாடிக்கையாளர் குறைசொல்வார். ஆகவே, கையில் அகப்பட்ட வேறொரு தட்டிலிருந்து ஒன்றோ இரண்டோ பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். உறையிலே மேலே உள்ள படத்தின் பெயர் மட்டும் இருக்கும். இசை என்ற இடத்தில் ஒரே பெயர்தான். நிரப்பப் போட்ட பாட்டுக்குப் பெயர் கிடையாது. யாரும் கேட்காத படங்களின் பாடல்கள் நம் வீடுகளுக்குள் வந்தது பெரும்பாலும் இந்த எஞ்சிய ஏழு நிமிடங்களில்தான். வந்ததும் அப்படி; பெயரைத் தொலைத்ததும் அப்படியே. கடைக்காரரைக் குறைசொல்ல இயலாது. அவர் நிரப்பியிராவிட்டால் அந்தப் பாட்டே நமக்கு வந்திராது.

வி.எஸ். நரசிம்மன் யார்? கே. பாலசந்தரின் ‘அச்சமில்லை அச்சமில்லை’ (1984), ‘கல்யாண அகதிகள்’ (1985) ஆகிய படங்களுக்கு இசையமைத்தவர். பிற்பாடு, 1993 இல், சென்னை நால்வர் தந்தி இசைக்குழுவைத் தொடங்கி, கர்நாடக இசையை நான்கு தந்திக் கருவிகளுக்கு ஏற்ப எழுதியவர். இவை யாவற்றுக்கும் மேலாக, இளையராஜாவின் வாத்தியக் குழுவிலே வயலின் வாசித்தவர். திரையிலே பெயர் ஓடும்போது வாத்தியக்காரரின் பெயர் பெரும்பாலும் வராது. நாம் எத்தனையோ பாடல்களில் ‘ஆகா, இளையராஜாவின் வயலின்’ என்று சொல்லியிருப்போம். இளையராஜா எழுதியது உண்மை. வில்லைப் பிடித்த கை வேறொருவருடையது.

அதே 1986 இல் இளையராஜா படமெதற்கும் அல்லாத ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். ‘ஹௌ டு நேம் இட்’ என்பது அதன் பெயர். எப்படிப் பெயரிடுவது என்று பொருள். பத்து ஆக்கங்கள், தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜேர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கை. ‘பாஹை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று பொருள்படும் பெயருடைய ஆக்கமொன்றிலே, பாஹின் வயலின் இசை ஒருபுறம் ஓட, அதனோடு நம் நாட்டு இசையும் கூடவே நடக்கிறது. இருவர் ஒரே பாதையிலே, ஒருவர் தோளில் ஒருவர் இடிக்காமல், வேறு வேறு மொழியில் கதைத்துக்கொண்டு போவது போல. அத்தொகுப்பில் தனி வயலின் வாசித்தவர் இதே நரசிம்மன்.

திரைப்பாடலையே எதிர்பார்த்து வாங்கியவர்கள், ‘பாட்டு எங்கே?’ என்று கேட்டு அத்தொகுப்பைத் திருப்பி வைத்ததுண்டு. நானும் அவர்களில் ஒருவன். சொல்லில்லாத இசைக்குக் காது கொடுக்கும் பழக்கம் எனக்கு அன்று இருக்கவில்லை. மின்சாரமில்லாத நீண்ட இரவுகளிலேதான் அது எனக்கு வசப்பட்டது. பெட்டியின் ஒலியை அயல் வீட்டுக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்த்திவைத்துக் கேட்ட இரவுகள் அவை. தாழ்ந்த ஒலியில் சொற்கள் கலங்கிவிடும், வயலின் கலங்குவதில்லை.

ஆக, அன்றைய பேச்சிலே ஐந்து படங்களும் மறக்கப்பட்டதற்கு நாம் கண்ட காரணங்களைத் தொகுத்தால், அவை நான்கு. படம் தோற்றது ஒன்று. ஒரே இசையமைப்பாளரின் இருபதுக்கும் அதிகமான படங்கள் ஒரே ஆண்டில் வந்து, ஒன்றையொன்று மறைத்தது இரண்டு. முந்தி வர வேண்டியது பிந்தி வந்தது மூன்று. நான்காவது, பெயர் எழுதப்படாதது. இந்த நான்கிலே எதுவும் பாட்டின் குற்றமல்ல என்பதைக் கவனியுங்கள். முதல் மூன்றையும் நாம் இனித் திருத்த இயலாது. நான்காவதைத் திருத்தலாம்.

திருத்தினால் என்ன கிடைக்கும் என்று ஒருவர் கேட்கலாம். இந்த மண்ணிலே பெயர் எழுதப்படாமல் போனவை எத்தனையோ உள. அவற்றிலே பாட்டு மிகச் சிறியது என்பதை நானும் அறிவேன். ஆயினும், சிறியதிலே பெயரைக் காக்கப் பழகாதவன் பெரியதிலே காப்பான் என்று எனக்கு நம்பிக்கையில்லை. செய்தவன் பெயரைச் சொல்லி அனுபவிப்பது ஒரு மரியாதை. புறநானூற்றிலே பாடியவர் இன்னார், பாடப்பட்டவர் இன்னார் என்று பாட்டின் கீழே குறித்துவைத்தவன் யாரென்று நமக்குத் தெரியாது. அவன் குறித்திராவிட்டால், பொன்முடியார் போன்ற புலவர்களிலே எத்தனை பேரை இழந்திருப்போம்!

அன்று மாலை, படுவான்கரை நண்பர் புறப்படுமுன் ஆசிரியர் கடதாசி ஒன்றைக் கசெற்றின் அளவுக்கு வெட்டி மடித்தார். முதல் நான்கு பாடல்களின் விபரத்தையும் எழுதினார். ஐந்தாவதற்கு, படம் ‘ஆயிரம் பூக்கள் மலரட்டும்’, 1986, இசை வி.எஸ். நரசிம்மன் என்று எழுதி, கீழே கோடும் போட்டார். நண்பர் வாங்கி வாசித்தார். ‘முப்பது வருசத்துக்கு மேலாக இந்தாளின் பாட்டை இன்னொருத்தரின் பெயரிலே கேட்டிருக்கிறன்’ என்று சொல்லித் தகரத்தை மூடினார்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு தகரம் இருக்கக்கூடும். கசெற் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நினைவு ஓடும். ஓர் ஆண்டைத் தெரிவுசெய்யுங்கள், நாலு பேர் கூடுங்கள், ஊரறிந்ததை ஒதுக்கிவையுங்கள். பக்கத்தின் கடைசியிலே பெயரில்லாமல் கிடக்கும் பாட்டு எதுவென்று பாருங்கள். அது யாருடையது என்று கேட்டறிந்து எழுதிவையுங்கள்.