கப்பல் ஏறும் முன் கடவுச்சீட்டு வேண்டுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மகளின் குடும்பத்தினருடன் கடந்த ஆண்டு சொகுசுக் கப்பலில் பயணம் செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. கால்வெஸ்டன் துறைமுகத்தில் புறப்பட்டு, மெக்சிகோவின் கோசுமெல் தீவைத் தொட்டு, அதே துறைமுகத்துக்குத் திரும்பும் ஐந்து நாள் பயணம் அது. புறப்படுவதற்கு மூன்று வாரங்களே இருந்த நிலையில்தான், அக்குடும்பத்தில் ஒருவரிடம்கூடச் செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. மகளும் மருமகனும் அண்மையில்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தனர். புதிய கடவுச்சீட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அங்கேயே பிறந்த பேரக்குழந்தைகள் இருவரின் கடவுச்சீட்டுகளும் காலாவதியாகிவிட்டிருந்தன.

பயண முகவரிடம் கேட்டபோது, “கடவுச்சீட்டு தேவையே இல்லை. குடியுரிமைச் சான்றிதழும் ஓட்டுநர் உரிமமும் போதும். குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் சரி” என்றார். நான் திகைத்தேன். கடவுச்சீட்டு இல்லாமல் இன்னொரு நாட்டில் கால் வைப்பதா? ஆனால், அவர் கூறியதில் பிழை ஏதும் இல்லை. அமெரிக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. சட்டம் இடம் தருவதாலேயே அது போதுமானதாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

சலுகையின் பின்னணி

ஒரு காலத்தில் அமெரிக்கர்கள் கனடா, மெக்சிகோ, கரீபியன் தீவுகளுக்குச் சென்று திரும்பக் கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டியதில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்த நிலை மாறியது. 2004இல் இயற்றப்பட்ட சட்டத்தின் அடிப்படையில், விமானப் பயணிகளுக்கு 2007 முதலும், தரைவழியாகவும் கடல்வழியாகவும் வருவோருக்கு 2009 ஜூன் 1 முதலும் ஆவண விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் ஒரு விதிவிலக்கு மட்டும் தொடர்ந்தது. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் புறப்பட்டு, அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில் செல்லும் அமெரிக்கக் குடிமக்கள், பிறப்புச் சான்றிதழையோ குடியுரிமைச் சான்றிதழையோ அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையுடன் காட்டித் தாயகம் திரும்பலாம். 16 வயதுக்கு உட்பட்டோருக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே போதும்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் துணைநிற்கிறது. சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவுசெய்யப்பட்டவை. அந்நியக் கொடி தாங்கிய கப்பல்கள், இடையில் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச்செல்வதை 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. சியாட்டிலில் புறப்பட்டு அலாஸ்கா செல்லும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நின்றுபோவது இதனால்தான். ஆக, சொந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கப்பல் ஏறுபவரும் அந்நிய மண்ணைத் தொட்டே ஆக வேண்டும்.

சலுகைக்கு எல்லைகளும் உண்டு. ஒரு துறைமுகத்தில் ஏறி வேறொரு துறைமுகத்தில் இறங்கும் பயணத்துக்கு அது பொருந்தாது. அமெரிக்கா கேட்காவிட்டாலும், கப்பல் சென்று நிற்கும் நாடு கடவுச்சீட்டைக் கேட்கலாம். கப்பல் நிறுவனமும் தன் பங்குக்குக் கேட்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் திருமணத்துக்குப் பின் மாறிய இன்னொரு பெயரும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் திருமணச் சான்றிதழும் தேவைப்படும். தந்தை பெயர், முன்னெழுத்து, குடும்பப் பெயர் எனப் பெயர்க் குழப்பத்தை உடன் சுமந்துசெல்லும் நம்மவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஒரு நீண்ட இரவு

மருமகன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க எண்ணாமல் இல்லை. ஆனால், விண்ணப்பத்துடன் குடியுரிமைச் சான்றிதழின் அசலை அனுப்ப வேண்டும். அது திரும்பி வருவதற்குள் பயண நாள் வந்துவிட்டால், கப்பல் ஏறக் கையில் எந்த ஆவணமும் இருக்காது. இரண்டு வாரங்களுக்குள் பயணம் செய்வோருக்கு நேரில் கடவுச்சீட்டு வழங்கும் அலுவலகங்கள் உண்டு. அங்கே முன்பதிவு கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே, இருக்கும் சான்றிதழ்களுடனேயே அவர்கள் புறப்பட்டனர். துறைமுகத்தில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் இரவு, ஒன்பது வயதுப் பேரனுக்குக் கடுமையான வயிற்றுவலி. கப்பலில் இருந்த மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிச் சென்றோம். பரிசோதித்த மருத்துவர், “குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம். காலை வரை பார்ப்போம். வலி குறையாவிட்டால் கோசுமெல்லில் இறக்கி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும்” என்றார். கப்பலில் அறுவைசிகிச்சை செய்ய இயலாது; ஒரு குடும்பத்துக்காகக் கப்பல் காத்திருக்கவும் செய்யாது.

அந்த இரவில்தான் பயண முகவர் சொல்லாமல் விட்டது எங்களுக்குப் புரிந்தது. குழந்தையை இறக்கினால், அறுவைசிகிச்சைக்குப் பிறகு விமானத்தில்தான் ஊர் திரும்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு விமானம் ஏறக் கடவுச்சீட்டு கட்டாயம். பிறப்புச் சான்றிதழ் கப்பலுக்குத்தான் செல்லும். அமெரிக்கத் தூதரக அதிகாரிகளை அணுகி, குடியுரிமையை நிறுவி, புகைப்படமும் கட்டணமும் கொடுத்து, அவசரகாலக் கடவுச்சீட்டு பெற வேண்டும். கோசுமெல் ஒரு தீவு. அங்கிருந்து படகில் பெருநிலத்தைச் சென்றடைவதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். துணைத் தூதரகமோ யுகாத்தான் தீபகற்பத்தின் மறுபக்கத்தில், மெரிடா நகரில் இருக்கிறது. வார இறுதியானால் பெரும்பாலான தூதரகங்களில் கடவுச்சீட்டு வழங்க மாட்டார்கள்.

எங்கள் ஐவரில், மறுநாளே கான்குன் விமான நிலையம் சென்று அமெரிக்காவுக்கு விமானம் ஏறக்கூடிய நிலையில் இருந்தவன் நான் ஒருவன்தான். இந்தியக் கடவுச்சீட்டும் அமெரிக்க விசாவும் என் பையில் இருந்தன. அந்நாட்டின் குடிமக்களான நால்வரிடமும் அந்த நேரத்தில் பயன்படும் ஆவணம் ஒன்றும் இல்லை. “மாமா, நீங்கள் மட்டும்தான் முறையான பயணி” என்று மருமகன் சிரிக்க முயன்றார். மகள் சிரிக்கவில்லை.

விடியும் நேரத்தில் வலி அடங்கியது; உணவு ஒவ்வாமையே காரணம் என்றார்கள். எங்களுக்கு எதுவும் நேரவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கடவுச்சீட்டு இல்லாமல் கப்பலில் செல்லும் பெரும்பாலோருக்கும் எதுவும் நேர்வதில்லை. சலுகையை நம்பிச் செல்வோரின் வாதமும் அதுவே.

கணக்கு என்ன சொல்கிறது?

அந்த வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. முதன்முறை கடவுச்சீட்டு எடுக்க, பெரியவர் ஒருவருக்கு 130 டாலர் கட்டணமும் 35 டாலர் விண்ணப்ப ஏற்புக் கட்டணமும் ஆகின்றன. 16 வயதுக்கு உட்பட்டோருக்கு இது 100, 35 டாலர். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மொத்தம் 600 டாலர். ஆண்டு முழுவதும் சேமித்து ஒருமுறை கப்பல் ஏறும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

குறைந்த செலவில் கடவு அட்டை ஒன்றும் கிடைக்கிறது. ஏற்புக் கட்டணம் உட்படப் பெரியவருக்கு 65 டாலர், சிறுவருக்கு 50 டாலர். கனடா, மெக்சிகோ, கரீபியன் பகுதிகளிலிருந்து தரைவழியாகவோ கடல்வழியாகவோ திரும்ப அது செல்லும். பன்னாட்டு விமானப் பயணத்துக்குச் செல்லாது. எங்களைப் போன்றோர் அஞ்சும் அவசர நேரத்தில் அது கைகொடுக்காது.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். குடியுரிமைச் சான்றிதழின் அசல் தொலைந்துபோனால் மாற்றுச் சான்றிதழ் பெற 500 டாலருக்கு மேல் செலவாகும். பல மாதங்கள் காத்திருக்கவும் நேரலாம். 165 டாலரை மிச்சப்படுத்துவதற்காக, அதைவிட மும்மடங்கு செலவில் மட்டுமே ஈடுசெய்யக்கூடிய ஆவணத்தைக் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் சுமந்து திரிவது சிக்கனம் ஆகாது. பெரியவர்களின் கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதையும் கணக்கில் கொண்டால், ஆண்டுக்கு 17 டாலருக்கும் குறைவுதான்.

குடிமக்கள் அல்லாதோருக்கு

இந்தச் சலுகையைத் தமக்கும் உரியதென நினைத்து ஏமாறும் நம்மவர்கள் உண்டு. இது அமெரிக்கக் குடிமக்களுக்கானது. கிரீன் கார்டு வைத்திருப்போர் அந்த அட்டையையும், செல்லும் நாட்டின் விதிகளுக்காகத் தம் நாட்டுக் கடவுச்சீட்டையும் எடுத்துச்செல்ல வேண்டும். எச்-1பி பணியாளர்களுக்கு வேறொரு பொறி உள்ளது. விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும், தங்கும் அனுமதி செல்லத்தக்கதாக இருந்தால், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாட்களுக்கு மிகாமல் சென்று திரும்ப நிபந்தனைகளுடன் விதி இடம் தருகிறது. பஹாமாஸ் போன்ற அண்டைத் தீவுகளுக்கு அந்த இடம் மாணவர்களுக்கும் பரிமாற்றத் திட்டத்தில் வந்தோருக்கும் மட்டுமே உண்டு. எச்-1பி பணியாளர்களுக்கு இல்லை.

ஐரோப்பாவிலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. ஒருமுறை மட்டும் நுழையத்தக்க ஷெங்கன் விசாவுடன் கிரேக்கத்தில் கப்பல் ஏறி, துருக்கித் துறைமுகத்தில் இறங்கினால், மீண்டும் ஷெங்கன் பகுதிக்குள் நுழைய அந்த விசா உதவாது. பலமுறை நுழையும் விசாவே தேவை.

நம் துறைமுகங்களில்

2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பலும் புறப்பட்டது. எனவே, இந்தக் கேள்வி இனி நமக்கும் அந்நியமானதல்ல. இங்கே விதி தெளிவானது. மும்பையிலிருந்து கோவா செல்வது போன்ற உள்நாட்டுக் கப்பல் பயணத்துக்கு அடையாள அட்டை போதும். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதியும் வேண்டும். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடுமானால், சில மணி நேரத்துக்கென்றாலும், 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி செல்லத்தக்க கடவுச்சீட்டு வேண்டும். வாக்காளர் அட்டையுடன் நேபாளம் சென்றுவந்த பழக்கத்தில் இலங்கைக்கும் அப்படியே செல்லலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது காலாவதித் தேதியில்தான். பயண நாளில் கடவுச்சீட்டு செல்லத்தக்கதாக இருப்பது மட்டும் போதாது. குறைந்தது ஆறு மாதச் செல்லுபடிக் காலம் எஞ்சியிருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பயணச்சீட்டுக்குப் பணம் கட்டும் முன்பே அந்தத் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. 36 பக்கக் கடவுச்சீட்டுக்கு வழக்கமான கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் முறையில் மேலும் 2,000 ரூபாய். அவசரத்தின் விலை மூலவிலையைவிட அதிகம்.

முடிவு

அமெரிக்காவில் இந்தச் சலுகையை நீக்க வேண்டும் என்று நான் கூற மாட்டேன். வசதி குறைந்த குடும்பங்களுக்கு அது உதவுகிறது. ஆனால், பயணச்சீட்டு விற்போர் “தேவை இல்லை” என்று கூறுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், “இடையில் இறங்க நேர்ந்தால் விமானத்தில் திரும்ப முடியாது” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்ட பிறகு ஒருவர் எடுக்கும் முடிவே அவருடைய முடிவு. என் மகள் குடும்பத்தினர் பாதியை மட்டுமே கேட்டுவிட்டுப் புறப்பட்டவர்கள்.

குறைந்தபட்ச ஆவணம் என்பது, எல்லாம் திட்டப்படி நடக்கும் பயணத்துக்காக வகுக்கப்பட்டது. குழந்தைகள், முதியோர், நோயாளிகள் உடன் வரும்போது எல்லாம் திட்டப்படி நடக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆகவே, கப்பல் ஏறும் முன் கடவுச்சீட்டு எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. அதை அறையில் பத்திரமாக வைத்துவிட்டு, துறைமுகங்களில் இறங்கும்போது நகல் ஒன்றை உடன் கொண்டுசெல்லுங்கள்.

ஊர் திரும்பிய வாரமே மகள் நால்வருக்கும் விண்ணப்பித்தாள். இப்போதைக்குக் கப்பல் பயணத் திட்டம் எதுவும் அவர்களிடம் இல்லை.