ஸ்கூட்டருக்கு ஒரு முள்கரண்டி!

“அம்மா, என் ஸ்கூட்டருக்குப் புது ஃபோர்க் வேண்டும்” என்று பையன் வந்து நின்றால், சாப்பாட்டு மேஜையைப் பார்க்காதீர்கள்! காலால் உந்தி, துள்ளிக் குதித்து வித்தை காட்டுகிறானே, அந்த ஸ்கூட்டரின் முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவட்டைதான் ஃபோர்க். அது ஆடினால் பிள்ளையின் பல்லுக்கு ஆபத்து!

திருச்சி கைலாசபுரத்துத் தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1965-ல் தொடங்கிய ‘பெல்’ கொதிகலன் தொழிற்சாலையின் குடியிருப்பாயிற்றே! குழாயோடு குழாய் சேர அளவு பொருந்த வேண்டும் என்று அங்கே யாருக்குத்தான் தெரியாது?

இங்கேயும் அதே கதைதான். முதலில் சக்கரம்: 110 மில்லிமீட்டர் சக்கரத்துக்கான ஃபோர்க்கில் 120 நுழையாது. சக்கரத்தின் அகலமும் 24-ஆ, 30-ஆ என்று பாருங்கள்.

அடுத்தது, ஃபோர்க்கை இறுக்கும் முறை. ‘எஸ்.ஸி.எஸ்.’ கிளாம்புக்கு, அடியில் பிளவில்லாத ஹாண்டில் பார் வேண்டும். ‘எச்.ஐ.ஸி.’க்குப் பிளவுள்ள, பருமனான பார். ‘ஐ.எச்.ஸி.’க்குப் பிளவுள்ள சாதாரணப் பார் போதும். ஆனால் ஃபோர்க்கின் குழாய் மெலிந்திருக்கும். ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

மாட்டிய பிறகு முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ‘கடகட’ என்றால் கிளாம்பைத் தளர்த்தி, ஃபோர்க்கின் போல்ட்டை முடுக்கி, பிறகு கிளாம்பை இறுக்க வேண்டும்.

தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுக்கிறோம் அல்லவா? அதேபோல் கடைக்குப் போகும்போது பழைய ஃபோர்க்கையும் ஹாண்டில் பாரையும் கையோடு கொண்டு போங்கள். பணமும் மிஞ்சும், பல்லும் மிஞ்சும்!