மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் தோல் ஏன் தளர்கிறது?

உங்கள் புறங்கைத் தோலை இரண்டு விரல்களால் மெல்லக் கிள்ளித் தூக்கிவிட்டு, விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதையே உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ (கேட்டுவிட்டுத்தான்!) செய்துபாருங்கள். தூக்கிய தோல் சிறு மேடுபோல நின்று, சில நொடிகள் கழித்துத்தான் மெதுவாகப் படியும்.

வயதானால் தோல் தளரத்தானே செய்யும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால், இதில் ஒரு புதிர் இருக்கிறது. மேல்தோலின் உயிரணுக்கள் அடியில் தோன்றி, மேலே தள்ளப்பட்டு, உதிர்ந்துபோக ஏறக்குறைய ஒரு மாதம் போதும். அப்படிப் பார்த்தால், 70 வயதுப் பாட்டியின் மேல்தோலுக்கும் வயது ஒரு மாதம்தான். பிறகு சுருக்கம் எங்கிருந்து வந்தது?

மேல்தோலுக்குக் கீழே இருக்கும் உள்தோலிலிருந்து. தோலைத் தாங்கி நிற்பது அதுதான். உங்கள் விளையாட்டுக் காற்சட்டையின் இடுப்புப் பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உறுதியான துணி நூலும் இருக்கிறது, இழுத்தால் சுருங்கும் எலாஸ்டிக்கும் இருக்கிறது. உள்தோலும் அப்படித்தான். துணி நூலின் இடத்தில் கொலாஜென் என்ற புரதம். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்ற அமைப்பு அதற்கு. எலாஸ்டிக்கின் இடத்தில் எலாஸ்டின் என்ற இன்னொரு புரதம். நீரை நீக்கிவிட்டு எடைபோட்டால், உள்தோலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கொலாஜென். எலாஸ்டின் வெறும் 2 முதல் 4 விழுக்காடு.

இந்த இரண்டும் மேல்தோலைப் போல மாதந்தோறும் மாறுவதில்லை. தோலில் உள்ள கொலாஜெனில் பாதி மாறுவதற்கே சுமார் 15 ஆண்டுகள் ஆகின்றன. எலாஸ்டின் நிலை இன்னும் மோசம். கருவில் இருக்கும்போதும் குழந்தைப் பருவத்திலும்தான் உடல் அதைத் தாராளமாகத் தயாரிக்கிறது. வளர்ந்து முடிந்தபின் புதிதாக உருவாவது மிகக் குறைவு. உங்கள் கன்னத்தில் இப்போது இருக்கும் எலாஸ்டினை வைத்துத்தான் நீங்கள் 70 வயதுவரை சமாளிக்க வேண்டும்!

இவ்வளவு காலம் நீடிக்கும் பொருளில் தேய்மானம் சேராமல் இருக்குமா? இரத்தத்தில் உள்ள சர்க்கரை சிறிது சிறிதாக இழைகளில் ஒட்டி, பக்கத்து இழைகளோடு பிணைத்து அவற்றை விறைப்பாக்குகிறது. கொலாஜெனைத் தயாரிக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் உயிரணுக்களும் வயதாக ஆக மந்தமாகின்றன. இது யாருக்கும் நடப்பது.

ஆனால், வயதைவிடப் பெரிய குற்றவாளி ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டு, சிகாகோ மருத்துவர்கள் 69 வயது ஆடவர் ஒருவரின் படத்தை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். முகத்தின் வலப்பக்கம் வயதுக்கு ஏற்றபடி இருந்தது. இடப்பக்கமோ தடித்து, ஆழமான மடிப்புகளோடு பல ஆண்டுகள் மூத்த மனிதருடையதைப் போல் இருந்தது. அவர் 28 ஆண்டுகள் லோரி ஓட்டியவர். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். பக்கக் கண்ணாடி வழியாக வந்த வெயில் அந்தக் கன்னத்தில்தான் விழுந்தது. ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே உணவு. வேறுபட்டது வெயில் மட்டுமே.

கண்ணாடி தடுக்கவில்லையா? தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் புறஊதா-பி கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். புறஊதா-ஏ கதிர்கள் சாதாரணக் கண்ணாடியைக் கடந்து, உள்தோல்வரை செல்லும். அதனால்தான் கார் ஓட்டும்போது தோல் எரியாவிட்டாலும் பாதிப்பு சேர்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது? புறஊதாக் கதிர் பட்டதும், கொலாஜெனை வெட்டும் நொதிகளைத் தோல் உயிரணுக்கள் சுரக்கின்றன. தோல் சிவப்பதற்குத் தேவையானதைவிடக் குறைந்த அளவு கதிரே இதற்குப் போதும் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் காட்டினர். ஃபைப்ரோபிளாஸ்டுகள் கொலாஜென் இழைகளைப் பற்றி இழுத்தபடி வாழ்பவை. இழை அறுந்தால் பிடி தளர்ந்து சுருங்கிவிடும். பிறகு கொலாஜெனைக் குறைவாகவும் வெட்டும் நொதியை அதிகமாகவும் தயாரிக்கும். சேதமே மேலும் சேதத்தை வளர்க்கிறது. எலாஸ்டினோ சிக்கு விழுந்த நூல்போல உருண்டு திரண்டுவிடுகிறது. வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டைப் போல, பொருள் இருக்கும், மீள்தன்மை இருக்காது. புகைபிடித்தாலும் அந்த நொதிகள் கூடுகின்றன.

பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மேகமில்லாத நண்பகலில் இங்கே புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுவே மிக உச்சநிலை. நம் தோலில் உள்ள மெலனின் ஓரளவு காக்கிறது என்பது உண்மை. முழுக் கவசம் அல்ல. பெரியவர்களின் மேற்கையின் உட்புறத்தையும் முன்கையின் வெளிப்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், புரியும்.

கொலாஜென் கிரீம் பூசினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். மருந்தகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றனவே! கொலாஜென் மூலக்கூறின் நிறை ஏறத்தாழ 300,000 டால்டன். தோலைக் கடந்து செல்லக்கூடிய பொருள்களின் நிறை பொதுவாக 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும். ஊசித் துளைக்குள் யானையை நுழைக்கும் கதைதான். கிரீம் மேல்தோலுக்கு ஈரப்பதம் தரும், அவ்வளவே. உடலே கொலாஜென் செய்ய வைட்டமின் சி தேவை. அதற்குக் கொய்யாப்பழம் இருக்கிறது, விலையும் குறைவு.

வெயில் காப்புக் களிம்பின் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், நம்பூர் என்ற ஊரில், 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் புறங்கைத் தோலை அச்செடுத்து ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர் தினமும் காலையில் தலை, கழுத்து, கைகளில் களிம்பு பூசினர். மற்றவர்கள் விருப்பப்பட்டபோது பூசினர். நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு, தினமும் பூசியவர்களிடம் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்தது. 1990களில் அவர்கள் பயன்படுத்திய களிம்பின் காப்பு எண் வெறும் 15.