காணி வாங்குமுன் கற்க வேண்டிய சொற்கள்

லண்டனில் குடியேறிய நண்பருக்காக, ஊர்காவற்றுறையிலிருந்து படகேறி எழுவைதீவில் காணி பார்க்கச் சென்றேன். விலை பேசுவது வியாபாரிக்குச் சிரமமல்ல. உறுதியை வாசித்தபோதுதான் தடுமாறினேன். அன்று கற்ற சொற்களைச் சகோதர வியாபாரிகளுக்குத் தருகிறேன்.

பரப்பு: கொழும்புக் கணக்கில் 10 பேர்ச்சஸ். 16 பரப்பு ஓர் ஏக்கர்.

முதிசம்: பெற்றோர் வழி வந்த சொத்து. பங்காளிகள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள்.

சீதனம்: திருமணத்தின்போது மகளுக்குக் கொடுத்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை.

ஒற்றி: வட்டிக்குப் பதிலாகக் காணியின் பலனைக் கடன் கொடுத்தவர் அனுபவிக்கும் ஈடு. இதில் இறங்குமுன் ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள்.

முன்வாங்குரிமை: 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, பங்காளிக்கும் விற்பவரின் வாரிசுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. பங்காளியைப் பொறுத்தவரை நமது ஃபிக்ஹின் ஷுஃப்ஆவை ஒத்தது. அவர்களுக்கு அறிவிக்காமல் வாங்கினால் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். வாங்குபவர் முஸ்லிம் என்பதால் விலக்கில்லை. வடக்குக் காணிக்கு வடக்கின் வழமை.

நான் பார்த்தது முதிசக் காணி. பங்காளி ஒருவர் கனடாவில். அதற்கு மேல், நண்பர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றோருக்கு விலக்குண்டு. முதலில் அதைப் பெறும்படி நண்பரிடம் சொன்னேன்.

முற்பணம் கொடுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நீங்களும் நொத்தாரிசிடம் உறுதியைக் காட்டி, காணிப் பதிவகத்தில் தேடிய பின்பே பணப்பையைத் திறவுங்கள்.