உங்களுக்குத் தெரியுமா? பாலுக்குப் பஞ்சமில்லை, எலும்பு முறிவுக்கும்!

உலகில் பாலை அதிகம் குடிப்பவர்களில் ஸ்காண்டிநேவியர்கள் முன்வரிசை. இடுப்பெலும்பு முறிவிலும் அவர்களே முன்வரிசை! நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மூன்றுமே அந்தப் பட்டியலின் உச்சியில்.

● பால்தான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. நெடிய உடல்வாகு, நீண்ட ஆயுள், வெயில் குறைந்த குளிர்காலம் எனச் சந்தேகங்கள் பல.

● வட நார்வேயின் துரோம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டியைத் தோல் எங்கிருந்து தயாரிக்கும்? அந்தக் குறையை ஈடுகட்ட, காட் மீன் ஈரல் எண்ணெய் ஒரு கரண்டி விழுங்குவது அங்கே பழைய வழக்கம்.

● ஃபின்லாந்தில் 2003 முதல் பாலிலேயே வைட்டமின் டி. 2010இல் அளவு இரட்டிப்பானது.

● பனிக்கட்டித் தெருவில் வழுக்காதிருக்க, ஷூவின் அடியில் மாட்டும் ஆணிப் பட்டையை ஸ்வீடன் நகராட்சிகள் பல முதியோருக்கு இலவசமாகத் தந்திருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் இடுப்பு முறிவுகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன: மடங்கிய கம்பள நுனி, இருட்டில் கழிப்பறைக்குப் போகும் வழி.